வாசலில் தொங்காத கவுன்

காலர் மாஸ்டர் யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஆள் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. மச்சினிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனின் காலரைப் பிடித்துத் திருப்பி, "எவன் தச்சான் இத?" என்று கேட்டு நல்ல சம்பந்தத்தைக் கலைத்துவிட்டு வந்தவர். அவர் மனைவி அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள். மாஸ்டர் அசர மாட்டார். "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு போய்ப் பாரு" என்பார். அந்தப் பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்பது வேறு விஷயம்.

வரிசையாகத் தையல் கடைகள் மட்டுமே இருக்கும் தெரு அது. மாஸ்டரின் கடை நடுவில். வெட்டும் மேசை போட்டால் ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டும். மேசைக்குப் பின்னால் மாஸ்டரின் மெஷின், சுவரோரம் மனைவியின் காஜா மெஷின், மூலையில் துணி மாற்றிப் பார்க்க ஒரு திரை. மனைவி காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், ஓரம் அடிப்பாள், அவர் வாயை அடக்குவாள். கடைசி வேலைதான் கஷ்டம்.

அந்தத் தெருவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் தைத்ததை மாட்டிக் காட்ட ஒரு பொம்மை நிற்கும். எவன் புதிதாக ஒன்றைத் தைத்தாலும், அது உறை போட்டு உள்ளே தொங்கும் வரை அவனுடையது. பக்கத்துக் கடைக்காரன் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போய்விடுவான். பொம்மைக்கு மாட்டி வாசலில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது கதை, ஊருக்கே கொடுத்த மாதிரி. யார் வேண்டுமானாலும் அதேபோலத் தைக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சண்டைக்குப் பேர்போன அந்தத் தெருவில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் வரம்பு மீறியதில்லை. மாஸ்டருக்குச் சட்டம் என்றால் அதுதான் சட்டம்.

மாஸ்டர் தம்பதிக்கு ஒரே மகள். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே கடையை அவள்தான் நடத்துவதாக நினைப்பு. வெட்டும் மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம் "அளவு குடுத்தாச்சா? அப்ப கிளம்புங்க" என்பாள். மாஸ்டர் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். தெருவே அப்படிக் கூப்பிட்டது. பள்ளிக்கூட வாத்தியார்கூடக் கூப்பிட்டார்.

மேனேஜர் வளர்ந்து உடை வடிவமைப்புப் படிக்கப் போனாள். படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு கவுனுக்குப் படம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். இடது தோளில் காலராக ஆரம்பிக்கும் பட்டை, மார்பைக் குறுக்கே கடந்து, இடுப்பைச் சுற்றிப் பெல்ட்டாகி, வலது பக்கம் மடிப்பு மடிப்பாகக் கீழே விழுந்தது. நடுவில் ஒட்டு இல்லை. ஒரே துணி.

"காலர் எங்க முடியுது?" என்று கேட்டார்.

"முடியவே முடியாது. அதாம்ப்பா டிசைனு."

"நல்லா இருக்கு கதை. காலருன்னா முடியணும்."

"முடியணும்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மனைவி தபால்காரி வேலை பார்த்தாள். நான்காம் நாள் மாஸ்டரே பழைய படுதாத் துணியை எடுத்து அந்தப் பட்டையை வெட்டிப் பார்த்தார். வளைவில் துணி சுருங்கியது. மறுபடி வெட்டினார். குறுக்கிழையில் வெட்டினால் படியும் என்று கண்டுபிடித்தபோது, "மேனேஜரம்மா, இங்க வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். வந்தவர் துணியைப் பார்த்ததும், தெருச் சட்டப்படி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கவுனை நீல நிறத்தில் தைத்தார்கள். அன்றைக்கு மேனேஜர் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்.

"கவுனுங்கறது யாருக்கும் சொந்தமில்லப்பா. காலரு, கை, பெல்ட்டு, எதுவுமே யாருக்கும் சொந்தமில்ல. ஆனா காலரே பெல்ட்டா இறங்கி வர்ற இந்தத் தோற்றம் இதுவரைக்கும் எங்கயும் இல்ல. இத டிசைன் பதிவு ஆபீஸ்ல பதியலாம். பதிஞ்சிட்டா சில வருஷத்துக்கு வேற யாரும் தச்சு விக்க முடியாது. வடிவமைச்சவர்னு என் பேர ரெஜிஸ்டர்ல ஏத்துவாங்க."

"தச்சவர்னு என் பேரு?"

"அதுக்கு இடமில்ல."

"என்ன சட்டம் இது?" என்றார் மாஸ்டர். சும்மா சொன்னார். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. அவர் பெயர் கடைப் பலகையைத் தவிர எங்கும் எழுதப்பட்டதில்லை. அவள் பெயர் அரசாங்க ரெஜிஸ்டரில் ஏறப்போகிறது.

"பதியற வரைக்கும் பொம்மைக்கு மட்டும் மாட்டிடாதீங்க" என்றாள்.

"எனக்கே சொல்றியா?" என்று உறை போட்டு உள்ளே தொங்கவிட்டார்.

அந்த வாரம் அவள் சிநேகிதிக்குக் கல்யாணம். மேனேஜர் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு போனாள். வெளியே காட்டிய பிறகும் பதிவதற்குச் சலுகையாகக் கொஞ்ச காலம் உண்டு என்று படித்திருந்தாள். அடுத்த வாரமே விண்ணப்பம் போடப் போகிறோமே என்று நினைத்தாள். மாஸ்டருக்கு அதுகூடத் தோன்றவில்லை. வீட்டுப் பிள்ளை போட்டுக்கொள்வதைத் தெருச் சட்டம் கணக்கிலேயே எடுத்ததில்லை. பெற்ற பெண் போட்டால் அது வாசலில் மாட்டியதாகுமா?

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டார்கள். விட்டு விட்டு வந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரத்தப் புற்று. அதன் பிறகு கடை பாதி நாள் திறந்தது, பிறகு திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அவள் மேனேஜராகத்தான் இருந்தாள். நர்சம்மாவின் யூனிஃபாரத்தில் கைக்குழி இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, அப்பாவை விட்டுப் பிரித்துத் தைக்க வைத்தாள். நன்றாகி வருகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வருடம் கோடை வருவதற்குள் போய்விட்டாள்.

இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றவர்களுக்கு முன்னால் பிள்ளை போவதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அது வேறெதையோ சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

பல மாதம் கழித்து மாஸ்டர் அந்தக் கவுனையும் மகள் வரைந்த படங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனார். வக்கீலம்மாவுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்த பழக்கம். அவர் உட்காரச் சொல்லி, படங்களை வாங்கிப் பார்த்து, விண்ணப்பம் எழுதினார். "இத இதுக்கு முன்னாடி வெளிய காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அதெப்படி? பொம்மைக்கே மாட்டினதில்லையே" என்றார் மாஸ்டர். வக்கீலம்மாவுக்கு அந்தத் தெருவின் பொம்மைக் கணக்குத் தெரியாது. இல்லை என்று எழுதிக்கொண்டார். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த சட்டத்துக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

சான்றிதழ் வந்தது. வடிவமைத்தவர் என்ற இடத்தில் மகளுடைய முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. மாஸ்டர் அதை மரச்சட்டம் போட்டு, திரைக்குப் பக்கத்தில் இருந்த நிலைக்கண்ணாடிக்கு மேலே மாட்டினார். மனைவி காலையில் கடையைப் பெருக்கியதும் முந்தானையால் அதைத் துடைப்பாள். சாவுச் சான்றிதழில் கடைசியாக எழுதப்பட்டிருந்த பெயர், அதற்குப் பிறகும் ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவருக்கும்தான்.

அத்தோடு விட்டிருந்தால் அந்தச் சான்றிதழ் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

ஒரு நாள் ஒரு பெண் வந்து, "நீளம் குறைக்கணும் மாஸ்டர்" என்று பையிலிருந்து ஒரு கவுனை எடுத்து மேசையில் போட்டாள். சிவப்புக் கவுன். இடது தோளில் காலர், குறுக்கே இறங்கி, இடுப்பைச் சுற்றி, வலது பக்கம் மடிப்பு. மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வளைவில் துணி சுருங்கியிருந்தது. உள்ளே பெரிய ஜவுளிக் கம்பெனி ஒன்றின் பெயர்ப்பட்டி.

"குறுக்கிழையில கூட வெட்டல, பாவிங்க" என்றார். அவருக்கு முதலில் வந்த ஆத்திரம் அதற்குத்தான்.

மனைவி காஜா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். அந்தப் பெண் போனதும் சொன்னாள். "விட்டுடுங்க."

"எத விடறது? எம் பொண்ணோடது இது!"

"யாரு இல்லைன்னா? புத்தகத்துல படம் பாத்து, அதே மாதிரி வேணும்னு வந்தவங்களுக்கெல்லாம் நீங்க தச்சுக் குடுத்ததில்லையா? அது எந்த அப்பன் பொண்ணு போட்ட படம்னு கேட்டீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? நமக்கு அவ பேரு இருக்கு. அது போதும். கிளறாதீங்க."

மாஸ்டர் கேட்கவில்லை. அவர் யார் பேச்சைக் கேட்டார்? கடைவீதியில் போகிற பெண்கள் எல்லாம் மகளுடைய காலரைப் போட்டுக்கொண்டு போகிறார்கள், உள்ளே எவனோ ஒருவனுடைய பட்டி இருக்கிறது. தூக்கம் வரவில்லை. வக்கீலம்மாவைப் பார்த்து, அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். கவுனைக் கடையிலிருந்து எடுக்க வேண்டும், வடிவம் யாருடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்டது.

கம்பெனி பதில் எழுதவில்லை. நேராகப் பதிவு ஆபீசுக்குப் போய், அந்தப் பதிவையே ரத்து செய்யுங்கள் என்று மனு போட்டது. பதிவதற்கு வெகு காலம் முன்பே இந்த வடிவம் வெளியில் வந்துவிட்டது, ஆகவே புதியதல்ல என்று வாதம்.

வக்கீலம்மா கூப்பிட்டு விளக்கினார். அப்போதுதான் மாஸ்டர் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"அவ போட்டுக்கிட்டுப் போனா. அது தப்பா?"

"தப்பே இல்ல. சலுகைக் காலம் இருந்துச்சு. அதுக்குள்ள பதிஞ்சிருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேட்டிருக்க முடியாது. ஆனா அந்தக் காலம் பூரா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலம் பூரா ஆஸ்பத்திரியில் போயிற்று. அது மாஸ்டருக்குத் தெரியாதா? இரத்தம் ஏற்றிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், வெளியே ஒரு சட்டத்தின் கெடு முடிந்துகொண்டிருந்தது. அதையும் அவர்தான் பார்த்திருக்க வேண்டுமாம்.

"பேர எடுத்துருவாங்களா?" என்று கேட்டார்.

"ரத்தாச்சுன்னா பதிவே இல்லைன்னு ஆயிடும். ஆனா வெளிய வந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க. கையில என்ன வச்சிருக்காங்கன்னு பாப்போம்."

விசாரணை நாளன்று மாஸ்டர் தானே தைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவி காலரை இன்னொரு முறை இழுத்துவிட்டாள். "கிளறாதீங்கன்னு சொன்னேன், கேக்கல. இப்ப அவ பேர அங்க விட்டுட்டு வராதீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சினாள். அவள் அவரிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

பதிவு ஆபீஸ் நடைபாதையில் வக்கீலம்மா அவரை ஓரமாக அழைத்துப் போனார். "அந்தக் கல்யாணத்துல எடுத்த ஒரு ஃபோட்டோவ இன்னிக்குக் காலையிலதான் தாக்கல் பண்ணியிருக்காங்க. யாரோ மாப்பிள்ளை வீட்டு ஆளு எடுத்து அப்பவே இணையத்துல போட்டதாம். அதப் பாத்துத்தான் காப்பியே அடிச்சிருக்கணும். திருடினதுக்கும் அதான் சாட்சி, திருட்டே இல்லைங்கறதுக்கும் அதான் சாட்சி. என்ன பண்றது? முகம் ஒரு பக்கமா இருக்கு, அவ்வளவு தெளிவில்ல. இது உங்க பொண்ணான்னு அதிகாரி கேப்பாரு. உங்கள நான் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். உறுதியாத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அவங்ககிட்ட வேற சாட்சி இல்ல."

மாஸ்டருக்குப் புரிந்தது. தெரியலை என்று ஒரு வார்த்தை. 'நாளைக்கு ரெடி ஆயிடும்' என்று தினமும் பத்துப் பேரிடம் கூசாமல் சொல்கிற வாய் அது. இதைச் சொல்ல என்ன கஷ்டம்? சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனார்.

சின்ன அறை. நீள மேசை, நடுவில் அதிகாரி, ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். வயது குறைந்தவர், கழுத்து அளவுக்குக் காலர் பெரிது. யாரோ ரெடிமேடில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். மனசு எங்கெங்கோ ஓடியது.

கம்பெனி வக்கீல் எழுந்து, பதிவுத் தேதி, கல்யாணத் தேதி எல்லாம் வாசித்தார். நீளமாகப் பேசினார். பிறகு, "இந்தப் படத்துல இருக்கறது அவருடைய மகள்தானா, போட்டிருக்கறது இந்தக் கவுன்தானான்னு அவரே சொல்லட்டும்" என்றார். அதிகாரி முழுத்தாளில் அச்சடித்த ஒரு வண்ணப்படத்தை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

வீட்டில் இருக்கும் மகளுடைய படங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எதில் எந்தக் கை மடங்கியிருக்கிறது, எதில் கண்ணை மூடிவிட்டாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இனிமேல் ஒன்றுகூடக் கூடப்போவதில்லை என்று தினமும் தனக்குத் தானே சொல்லிப் பழகியிருந்தார். இது அவர் பார்த்திராத படம்.

மேனேஜர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் பாதி திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நீலக் கவுன். பட்டை வளைவில் சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து, தலையைப் பின்னால் சாய்த்து, கை வயிற்றில் இருக்க, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா அவரைப் பார்க்காமல் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. இது யாருன்னு தெரியுதா?" என்றார் அதிகாரி.

தெரியலை என்ற வார்த்தை தொண்டை வரை தயாராக வந்திருந்தது. அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நீ யாரென்று எனக்குத் தெரியாது என்று அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு தகப்பன் எப்படிச் சொல்வான்?

"எம் பொண்ணுங்க" என்றார். "எம் பொண்ணுதான்."

"கவுன்?"

"அவ போட்ட டிசைனு. நான் தச்சது. அன்னிக்கு அவ சிநேகிதிக்குக் கல்யாணம்."

கம்பெனி வக்கீல் எழுதிக்கொண்டு, "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். முடிந்துவிட்டது. மாஸ்டர் படத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அதிகாரி வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது கேட்டார்.

"ஐயா, இதுல ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?"

அந்தக் கம்பெனி வக்கீல்தான் தன் கோப்பிலிருந்த பிரதியைப் பிரித்து எடுத்து, மேசையைச் சுற்றி வந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

உத்தரவு தபாலில் வந்தது. பதிவு ரத்து. அந்த வடிவம் பொதுவில் வந்துவிட்டதால் இனி எவருக்கும் தனி உரிமை இல்லை என்று எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். மனைவி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த சான்றிதழைத் தானே கழற்றினாள். மாஸ்டர் பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள்.

நடந்தது என்னவென்று அவளுக்கு வக்கீலம்மா வழியாகத் தெரிந்திருந்தது. "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியல உங்களுக்கு. ஊருக்கெல்லாம் பேசற வாயி" என்றாள். அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், காஜா எடுத்தாள், பட்டன் வைத்தாள். மாஸ்டர் படத்தை வெட்டும் மேசை இழுப்பறையில் அட்டைக்கு நடுவில் வைத்திருந்தார். காட்டப் பயந்தார். இதற்காகவா பெயரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு நாள் காலையில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி தேடி அவளே இழுப்பறையைத் திறந்தாள். அட்டையை எடுத்தாள், பிரித்தாள். மாஸ்டர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"யாரப் பாத்து இப்படிச் சிரிக்கிறா?" என்று கேட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியல."

"இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே. நம்ம வீட்டுல இவ இப்படிச் சிரிச்சிருக்காளா?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அதட்டியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், கிண்டல் செய்து கொன்றிருக்கிறாள். தலையைச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இப்படி இல்லை.

"இல்ல" என்றார்.

"இன்னும் என்னென்ன நாம பாக்கலையோ" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளால் நிற்க முடியவில்லை. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, மகள் போன நாளில்கூட அழாத அழுகையாக, வாய்விட்டு அழுதாள். தெரு எட்டிப் பார்த்தது. மாஸ்டர் எழுந்து போய் அவளை மெதுவாக உள்ளே தூக்கி உட்காரவைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்தினார்.